ஷேக் அலாவுதீன் தையல் கடை

பினாங்கு அச்சின் ஸ்ட்ரீட் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் ஒரு பெயர்ப்பலகை தொங்குகிறது. 'ஷேக் அலாவுதீன் தையல் கடை' என்று தமிழிலும், மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்திலும் எழுதியிருக்கும். ஷேக் அலாவுதீன் தம் வாழ்நாளில் ஊசியில் நூல் கோத்ததில்லை. வெல்ட் கீ துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் தோங்காங் படகு ஒன்றுக்குத் தண்டலாக இருந்தவர் அவர். படகில் ஆட்களை வேலை வாங்குவது தண்டலின் பொறுப்பு. கடையில் தைத்ததெல்லாம் அவர் மனைவி காமாரியா அக்காதான். பலகை எழுதியபோது அலாவுதீன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

செத்தவர் பெயரில் கடை வைப்பது ஒன்றும் புதிதல்ல. ஆனால் ஊர் முழுக்கக் கொலைகாரன் என்று பேசிய ஒருவர் பெயரில் வைக்க நெஞ்சில் துணிவு வேண்டும். பலகை எழுத வந்த ஆளே தயங்கி, உன் பெயரைப் போடலாமே, அல்லது உன் வாப்பா பெயரைப் போடலாமே என்று நைச்சியமாகச் சொல்லிப் பார்த்தான். அக்கா அவனிடம் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். எதிரே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் நான் அதைக் கண்ணால் பார்த்தவன்.

கொலை நடந்தது 1911 வாக்கில். செத்தது ஜபருல்லா முதலாளி. நாலைந்து தோங்காங் வைத்திருந்தவர். துறைமுகத்தை ஒட்டிப் பாக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றும் இருந்தது. அந்தக் கிட்டங்கிக்குள்ளேயே ஒரு நாள் மண்டை உடைந்து கிடந்தார். அதற்குச் சில நாள் முன்னால், பழைய படகில் மூட்டையை அளவுக்கு மீறி ஏற்றுகிறீர்கள், ஆட்கள் தண்ணீரில் போவார்கள் என்று அலாவுதீன் அவரோடு துறையில் வைத்துச் சத்தம் போட்டிருந்தார். போலீஸ் அவரையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டு விசாரித்தது. எல்லாரையும் விட்டுவிட்டது. கொன்றவன் யாரென்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

போலீஸ் விட்டாலும் எங்கள் கோப்பிக் கடை விடுமா? அங்கே இரண்டு துப்பறியும் சிங்கங்கள் இருந்தார்கள். ஒருவர் கயிற்றுக் கடை கமால் நானா. இன்னொருவர் துறைமுகத்தில் காவல்காரராக இருந்து ஓய்ந்த கார்த்திகேசு. காலையில் ஆளுக்கொரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு ஜபருல்லா முதலாளியைத் தினமும் ஒரு முறை கொல்வார்கள்.

அவர்கள் கையில் இருந்த சாட்சியம் இவ்வளவுதான். மாட்டு வண்டிக்காரன் ஒருவன் கிட்டங்கிச் சந்திலிருந்து ஓர் ஆள் போனதைப் பின்னாலிருந்து பார்த்தானாம். அந்த ஆள் கைலியை இடப்பக்கம் செருகியிருந்தானாம், இடுப்பில் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருந்தானாம். நம் ஆட்கள் கைலியை இடப்பக்கம்தான் செருகுவார்கள். பச்சை பெல்ட் இல்லாத இடுப்பை இந்தத் தெருவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செத்துக் கிடந்த முதலாளியின் இடுப்பிலேயே ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிறைய இருப்பவர்களில் யாருக்கும் பொருந்தும் இந்த அடையாளம் அலாவுதீனுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் இவர்களுக்குப் பொருந்திவிட்டது.

இதைவிடப் பெரிய கூத்து சந்தூக்கு விஷயம். ஜபருல்லாவின் மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போனபோது அலாவுதீனும் கூடப் போனார். அவர் தோள் கொடுத்தாரா இல்லையா என்பதில்தான் சண்டை. வீட்டிலிருந்து மையவாடி வரைக்கும் தோளை மாற்றாமல் தூக்கினான், குற்றத்தை மறைக்கத்தான் அப்படி நடித்தான் என்பார் கார்த்திகேசு. தோளே கொடுக்கவில்லை, கொன்ற கை நடுங்கியதால் பின்னால் ஒதுங்கி நடந்தான் என்பார் கமால் நானா. மேசையைத் தட்டுவார்கள், சில நாள் பேசாமலும் இருப்பார்கள். தூக்கினாலும் கொலைகாரன், தூக்காவிட்டாலும் கொலைகாரன் என்றால் தூக்கியதில் என்ன இருக்கிறது என்று அந்தக் கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொன்னேன். உனக்கு விவரம் பத்தாது என்றார்கள்.

மூன்று வருஷம் கழித்து அலாவுதீன் காய்ச்சலில் படுத்தார். கடைசி நேரத்தில் 'யா அல்லாஹ், மன்னிச்சிடு' என்று முனகினாராம். மவுத்தாகிறவன் வேறு யாரைக் கூப்பிடுவான், வேறு என்ன கேட்பான்? ஆனால் கோப்பிக் கடைக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகிவிட்டது.

காமாரியா அக்கா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் வாழ்ந்தார். வாப்பா ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள், உம்மா ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த மலாய்க்காரி. கோபம் வந்தால் அக்காவுக்கு மலாய் வரும், பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். துக்கம் வந்தால் தமிழ் வரும். பிள்ளை கிடையாது. துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் பேச்சோடு பேச்சாக, உண்மையிலேயே என்னதான் நடந்தது என்று கிண்டுவார்கள். அக்கா துணியை மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்து வேறு கடையைக் காட்டுவார். ஆனாலும் அவர்கள் திரும்பி வந்தார்கள். பினாங்கில் அக்கா மாதிரி கெபாயாச் சட்டை தைக்க வேறு ஆள் இல்லை. வாய் பழி பேசினாலும் சட்டைக்கு அக்கா கைதான் வேண்டியிருந்தது.

முஹர்ரம் மாதம் வந்தால் எங்கள் ஊரில் போரியா. ஒவ்வொரு தெருவிலும் ஒரு கோஷ்டி கிளம்பும். வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய், முதலில் ஒரு கூத்து நடத்தி, பிறகு மலாயில் பாட்டுப் பாடுவார்கள். தலைவர் ஒரு அடி பாடினால் கூட்டம் திருப்பிப் பாடும். அந்த வருஷம் ஊரில் நடந்தது எல்லாம் அதில் வந்துவிடும். போரியாவில் வந்துவிட்டால் அது மறுநாள் குழந்தைகள் வாயில் வந்துவிடும். குழந்தைகள் வாயில் வந்தது பிறகு போகாது.

எங்கள் சந்துக் கோஷ்டிக்குப் பாட்டுக் கட்டுபவன் சிக்கந்தர். வக்கீல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. கெட்டவன் இல்லை, கெட்டிக்காரன். இங்கிலீஷ் துப்பறியும் கதை படித்துப் படித்து அவனுக்கு ஒரு கிறுக்கு. 1926இல் அவன் கட்டிய கூத்து ஜபருல்லா கொலை. பெயர் சொல்லாமல்தான் எழுதியிருந்தான். ஆனால் தண்டல், தோங்காங், காய்ச்சலில் சாவு என்று எல்லாம் இருந்தால் பெயர் எதற்கு?

வழக்கம்போல் உடைகளை அக்காவிடம்தான் தைக்கக் கொடுத்தார்கள். வெட்கம் இல்லாததற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. மாத்தா-மாத்தா என்கிற போலீஸ்காரர் உடுப்பு, முதலாளி சட்டை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகக் கொலைகாரனுக்கு நீலக் கைலி, கறுப்புச் சட்டை, அகலப் பச்சை பெல்ட் என்றார்கள். அலாவுதீன் நாள்தோறும் உடுத்தியது அதுதான். அக்காவின் கால் மெஷின் மிதியை விட்டுவிட்டது. அந்தக் கூத்து ஒருமுறை வீடு வீடாகப் போய்விட்டால் பலகையில் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதியும் புண்ணியமில்லை என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. துணியை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை சந்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஒத்திகை. பாதித் தெரு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா தைத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று, பாட்டை முழுக்கப் பாடச் சொன்னார். சிக்கந்தர் கொஞ்சம் தடுமாறிவிட்டுப் பாடினான். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அழவில்லை.

"தம்பி, கொன்னவன் பச்சை பெல்ட் கட்டியிருந்தான்னு பாடுறே. உன் இடுப்புல இப்ப இருக்கறது என்ன கலர் லா?" என்று கேட்டார்.

சிக்கந்தர் சிரித்துக்கொண்டே, எல்லாரும்தானே கட்டுகிறோம் என்றான். சரி, கைலியை எந்தப் பக்கம் செருகியிருக்கிறாய் என்று அக்கா கேட்டார். பின்னாலிருந்து பார்த்த வண்டிக்காரனுக்கு முன்னால் செருகியது எப்படித் தெரிந்தது என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஜபருல்லா கிட்டங்கியில் அப்போது எடை பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்டார். சிக்கந்தர்தான், அவனுக்கு அன்றைக்கு இருபது வயது இருக்கும். முதலாளி அவனைத் திட்டியது உண்டா? உண்டு, அவர் திட்டாத ஆள் யார்? அடக்கத்துக்குப் போனாயா? போகவில்லை, வயிற்றுப்போக்கு. அந்த மாதமே ரங்கூனுக்குக் கப்பல் ஏறியது ஏன்? அங்கே மாமா வேலை பார்த்துக் கொடுத்தார்.

"கொன்னவன் கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டு சன்னல் வழியா குதிச்சான்னு எழுதியிருக்கே. போலீசுக்கே தெரியாத சமாச்சாரம் உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஊகம்தான் அக்கா" என்றான் சிக்கந்தர்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எங்க வீட்டுக்காரரைவிட இந்தப் பாட்டு உனக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது, நீயே போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கறுப்புச் சட்டையை அவன் தோளில் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். அந்தக் கூட்டத்தைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் எங்கள் கோப்பிக் கடையைக் குறைவாக எடை போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள், அக்கா சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கொன்றவன் சிக்கந்தர். ஏன் ரங்கூனுக்கு ஓடினான்? ஏன் அடக்கத்துக்கு வரவில்லை? ஏன் இத்தனை வருஷமாக அந்தக் கொலையைப் பற்றியே பேசுகிறான்? சன்னல் வழியாகக் குதித்ததை அவனே ஒப்புக்கொண்டான் அல்லவா? ஒரு வாரத்துக்குள் கோஷ்டியில் பாதிப் பேர் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. அவன் மனைவி ரோஹானாவை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் வந்து நின்றான்.

கமால் நானாவும் கார்த்திகேசுவும் முதல் தடவையாக அக்காவின் கடைப்படி ஏறினார்கள். அதுவும் ஒன்றாக. கார்த்திகேசு தொண்டையைச் செருமிக்கொண்டு, அலாவுதீன் மேல் பழி சொன்னது எங்கள் தப்பு, அவன் தங்கமான மனுஷன் என்றார். கமால் நானா, போரியாவை மாற்றிவிடுவோம், கொலைகாரன் கிராணி என்று பாடுவோம், தண்டல் அப்பாவி என்று வீட்டுக்கு வீடு ஊருக்கே தெரியட்டும் என்றார். கிராணி வேஷத்துக்கு ஒரு கோட்டு மட்டும் தைத்தால் போதுமாம்.

பதினைந்து வருஷமாக அந்த மனுஷி கேட்க ஏங்கிய வார்த்தை அது. பலகையில் எழுதி வைத்துக் காத்திருந்த வார்த்தை. கேட்காமலே கொண்டுவந்து காலடியில் போட்டார்கள்.

புதிதாக என்ன தெரிய வந்தது என்று மட்டும் அக்கா கேட்டார்.

"நீதானேம்மா அன்னிக்குச் சொன்னே" என்றார் கமால் நானா.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டார். ஆசையாக இருந்தது என்று பிறகு என்னிடம் வாய்விட்டே சொன்னார். புருஷன் பெயரைக் கழுவ ஒரு கோட்டு தைத்தால் போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கு அந்த வாய்ப்பு வந்திருந்தால் அன்றைக்கே துணியை வெட்டியிருப்பேன்.

மறுநாள் காலையில் சிக்கந்தர் வந்தான். சவரம் செய்யாத முகம். உட்காரவில்லை. "அக்கா, நான் கொல்லல. ஆனா அதை எப்படிக் காட்டறதுன்னு தெரியல. எதைச் சொன்னாலும் எனக்கு எதிரா திரும்புது" என்றான். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"எங்க வீட்டுக்காரரும் இதே இடத்துல நின்னு இதேதான் தம்பி சொன்னாரு" என்றார் அக்கா. முக்காட்டைச் சரி செய்துகொண்டு தெருவில் இறங்கினார்.

எங்கள் பெண்கள் கோப்பிக் கடைக்குள் போவதில்லை. அக்கா போனார். கார்த்திகேசு எழுந்து நாற்காலி போட்டார். கோட்டு தைக்கச் சம்மதம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். அக்கா உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டதெல்லாம் சிக்கந்தர் கொன்னான்னு காட்ட இல்ல. நீங்க பேசற பேச்சை வச்சுப் பார்த்தா யாரை வேணும்னாலும் கொலைகாரனாக்கலாம்னு காட்டத்தான். அதைக்கூட நீங்க விளங்கிக்கல. ஜபருல்லா முதலாளியைக் கொன்னது யாரு? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுங்க. வாய் வலிக்காது லா."

கமால் நானா, அப்படியானால் உன் புருஷன் மேல் இருக்கிற பழி அப்படியே நின்றுவிடுமே என்றார். உண்மையிலேயே அக்காவுக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

"நிக்கட்டும். இன்னொரு வீட்டை அழுக்காக்கி என் வீட்டைத் துடைக்க எனக்கு வேண்டாம். அவுக பேரை நான் சுமந்துக்கறேன். இத்தனை நாள் சுமந்தவதானே."

கார்த்திகேசுவுக்கு அப்போதும் மனம் கேட்கவில்லை. இது ஒன்றையாவது தெரிந்துகொள்ளலாம் என்று, அலாவுதீன் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தாரா இல்லையா, உன்னிடம் சொல்லியிருப்பாரே என்று கேட்டார்.

"சொன்னாரு. எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்தார்.

அந்த வருஷம் முஹர்ரம் பிறந்து, எங்கள் கோஷ்டி ஒரு மாலை வேளையில் சந்திலிருந்து கிளம்பியபோது தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. மாத்தா-மாத்தாவும் இல்லை, முதலாளியும் இல்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் நீலக் கைலி, கறுப்புச் சட்டை, பச்சை பெல்ட். எல்லாம் அக்கா மெஷினில் தைத்தது. மிச்சத் துணிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். சிக்கந்தர் புதிதாகக் கட்டிய பாட்டில் ஒவ்வொருவனாக முன்னால் வந்து, நான் சண்டை போட்டேன், நான் கப்பல் ஏறினேன், எனக்குக் காய்ச்சல் வந்தது, நான்தானா என்று கேட்பான். கூட்டம் திரும்ப, 'தாக் தாவு, தாக் தாவு' என்று பாடும். தெரியாது, தெரியாது என்று அர்த்தம். ஊரில் உள்ள வேறு கோஷ்டிகள் எல்லாம் கொலைகாரனைக் கண்டுபிடித்துத் தரும். எங்கள் கோஷ்டி தெரியாது என்று பாடியது. தையல் கடை முன்னால் வந்ததும் இன்னும் சத்தமாகப் பாடினார்கள். அக்கா பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பழி போய்விட்டதா என்றால் போகவில்லை. சிலர் அதற்குப் பிறகும் பேசினார்கள். கிராணிக்காக இவ்வளவு பரிந்து பேசுகிறாளே, என்ன விஷயம் என்று புதிதாக ஒரு ஊகமும் கிளம்பியது. அக்கா கேட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்தார். மழையில் எழுத்து மங்கும்போதெல்லாம் பலகைக்குச் சாயம் ஏற்றினார். கண் மங்கி ஊசி கோக்க முடியாமல் போன பிறகும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

முந்தாநாள் அக்கா மவுத்தானார். பிள்ளை இல்லை, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆண் யாரும் இல்லை. சந்தூக்கின் முன்பக்கத்தை சிக்கந்தர் தூக்கினான். தலை நரைத்த மனுஷன். மாற்றிக்கொள்ள எத்தனையோ பேர் வந்தும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மையவாடி வரைக்கும் அவனே தூக்கினான்.

நேற்றுக் காலையில் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகேசு போய்ச் சேர்ந்துவிட்டார். கமால் நானா இருக்கிறார், கூடப் புது ஆட்களும் இருக்கிறார்கள். கோப்பியை ஆற்றிக்கொண்டே ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். சிக்கந்தர் ஏன் தோளை மாற்றாமல் அவ்வளவு தூரம் தூக்கினான், அவனுக்கு மனதில் ஏதோ உறுத்தல் இருந்திருக்க வேண்டும் என்றார்.

நான் எழுந்து அந்த மேசைக்குப் போனேன். எனக்குக் கை நடுங்கியது. கோபத்தில்தான், அதையும் அவர்கள் வேறு மாதிரி கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.

"உனக்குத் தெரியாது" என்றேன். "தெரியாதுன்னு சொல்லு."

அவர் கமால் நானாவைப் பார்த்தார். கமால் நானா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாது" என்றார்.